ஆல்டோ வரிசையிலிருந்து ஏற்காடு

முதல் நாள், வியாழன்

ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏற்காட்டுக்குப் போகாது. சென்னையில் ராத்திரி கிளம்பி, விடியுமுன் சேலத்தைத் தொட்டுவிட்டு, ஈரோட்டில் போய் நிற்கும். எங்கள் பாட்டுக் குழுவில் புதிதாகச் சேர்ந்த டெனர் பையனுக்கு இது தெரியவில்லை. கடைசி ஸ்டேஷனில்தானே இறங்கணும் என்று போர்வையை இழுத்து மூடித் தூங்கிவிட்டான். சேலம் ஜங்ஷன் பிளாட்பாரத்தில் தலை எண்ணினால் 67 வருகிறது, 68 வரவேண்டும். பாஸ் வரிசை அண்ணன்மார் இரண்டு பேர் ஓடிப்போய் அவனைப் போர்வையோடு இறக்கினார்கள். இன்று முழுக்க அவர்களுக்கு டீ அவன் செலவு.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் சென்னையில் ஒரு சேர்ந்திசைக் குழுவில் ஆல்டோ பாடுகிறேன். (பெண்களில் மேல் குரல் சொப்ரானோ, கீழ் குரல் ஆல்டோ. ஆண்களில் மேல் குரல் டெனர், கீழ் குரல் பாஸ்.) சேர்ந்திசைக் குழு என்று சொன்னால் என் வீட்டிலேயே யாருக்கும் புரியவில்லை, அதனால் இனி கொயர். பல் டாக்டர், ரயில்வே டிக்கெட் பரிசோதகர், ரிட்டயர்டான கணக்கு டீச்சர், சாஃப்ட்வேர் பிள்ளைகள், காப்பீட்டு அலுவலகத்தில் கோப்பு தள்ளும் நான். பாடுவதற்குச் சம்பளம் கிடையாது. சொல்லப்போனால் மாதச் சந்தா நாங்கள்தான் கட்டுகிறோம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சேலத்தில் ‘மெசையா’ பாடப்போகிறோம், ஹாண்டல் என்ற மேற்கத்திய இசையமைப்பாளர் கிறிஸ்துவைப் பற்றிச் செய்த நீளமான இசைப் படைப்பு. முழுவதும் இல்லை. கிறிஸ்துமஸ் நெருங்குகிறது என்பதால் முதல் பாகம், கடைசியில் அல்லேலூயா கோரஸ். சேலத்து சர்ச் கொயர்களிலிருந்து 40 பேர் சேருகிறார்கள். கூட வாசிக்க 22 வாத்தியக்காரர்கள். இவர்கள் தொழில்காரர்கள். சென்னையில் சினிமா ரெக்கார்டிங்குகளில் வயலினும் செல்லோவும் வாசித்துக் குடும்பம் நடத்துகிறவர்கள், கால்ஷீட் கணக்கில் சம்பளம். ஆக ஒரே மேடையில் காசு கட்டிப் பாடுகிறவர்களும் காசு வாங்கி வாசிக்கிறவர்களும். அவர்களுக்கு ஒரே ஒரு ஒத்திகை. எங்களுக்கு ஐந்து மாதச் சனிக்கிழமைகள் போதாமல், மலை மேல் மூன்று நாள் முகாம்.

எனக்குச் சேலம் சொந்த ஊர். செவ்வாய்ப்பேட்டையில் அப்பா கொலுசுப் பட்டறை வைத்திருந்தார். இப்போது அக்கா அந்த வீட்டில் இருக்கிறாள். ஜங்ஷன் வரைக்கும் வந்துவிட்டு வீட்டுக்குப் போகாமல் பஸ் ஏறினால் அக்கா பேசமாட்டாள் என்று தெரியும். அவளே அஞ்சு மணிக்கு ஆட்டோ பிடித்து ஜங்ஷனுக்கு வந்து, ஒரு தூக்கு நிறைய பணியாரத்தைக் கையில் திணித்துவிட்டு, 68 பேரையும் ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தாள். “இத்தனை பேரும் பாடுவாங்களா? ஒரே பாட்டையா?” என்றாள்.

ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு இன்னும் நிற்கிறது. டி.ஆர். சுந்தரம் நடத்திய ஸ்டூடியோ போய்விட்டது, வாசல் மட்டும் மிச்சம். சினிமாக்காரர்கள் இல்லாத ஊருக்கு இன்று சென்னையிலிருந்து சினிமா வயலின் வருகிறது என்று நினைத்துக்கொண்டேன். அடிவாரம் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள், எண்ணி 20. ஒன்பதாவதில் ஒரு சொப்ரானோவுக்கு முடியாமல் போய் பஸ் நின்றது. இறங்கிய நேரத்தில் ஒரு குரங்கு, அவளுடைய பையிலிருந்து தொண்டை மாத்திரை டப்பாவை எடுத்துக்கொண்டு சில்வர் ஓக் மரத்தில் ஏறிவிட்டது. எங்கள் கொயரை நடத்தும் மாஸ்டர் அண்ணாந்து பார்த்து, “அதுக்கும் ஞாயித்துக்கிழமை ஒரு சீட் போடுங்க” என்றார்.

சாயங்காலம் லேடீஸ் சீட்டுக்குப் போனோம். இருட்டிய பிறகு அங்கிருந்து சேலம் முழுக்க விளக்காகத் தெரியும். செவ்வாய்ப்பேட்டை எந்தப் பக்கம் என்று தேடிக்கொண்டிருக்கும்போது அக்காவிடமிருந்து போன். “மொட்டை மாடியில நின்னு செல்போன் டார்ச்சை ஆட்டுறேன் கண்ணு. தெரியுதா பாரு.”

கீழே லட்சம் விளக்கு. “தெரியுதுக்கா” என்றேன்.

இரண்டாம் நாள், வெள்ளி

காலை ஆறரைக்குத் தகரக் கூரை போட்ட ஹாலில் நின்றோம். ஜன்னல் வழியாகப் பனி உள்ளே வந்து பியானோ மேல் உட்கார்ந்தது. (பியானோ என்பது மரியாதைக்கு. எலக்ட்ரானிக் கீபோர்டுதான்.) வெந்நீர் இல்லை, கெய்சர் கெட்டுப்போயிருக்கிறது. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர், டிசம்பர் மாதம், பச்சைத் தண்ணீரில் குளித்த 34 பெண்களின் குரல் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இன்று எழுத நிறைய இருக்கிறது.

எங்கள் டிக்கெட் பரிசோதகர் அண்ணன், ஐந்து கோட்டில் சுரம் எழுதும் ஸ்டாஃப் நொட்டேஷனைத் திரும்பிப் பார்ப்பதில்லை. புத்தகத்தைத் திறந்து வைப்பார், அது ஒப்புக்கு. உள்ளே ஒரு நீள நோட்டு. அதில் தன் பார்ட் முழுவதையும் பென்சிலால் டானிக் சோல்ஃபாவில் எழுதி வைத்திருக்கிறார். ஐந்து கோடு, முட்டை, வால் ஒன்றும் கிடையாது. ட, ர, ம, ஃப, ஸ என்பதற்கான ஆங்கில எழுத்துகள், நடுவில் புள்ளிகள், தாளத்துக்குக் கோடுகள். தென் மாவட்டத்து சர்ச் குடும்பம், பாட்டி காலத்திலிருந்தே வீட்டில் இப்படித்தான் ஞானப்பாட்டு படிப்பார்களாம். இதை இங்கிலாந்தில் நார்விச் ஊரில் சாரா குளோவர் என்ற ஆசிரியை குழந்தைகளுக்காக ஆரம்பித்தார். ஜான் கர்வன் என்ற பாதிரியார் 1840களில் அதை எடுத்துச் செப்பனிட்டு ஊரெல்லாம் பரப்பினார். மில் தொழிலாளிகள், சுரங்கத் தொழிலாளிகள், பியானோவைத் தொட்டே பார்க்காதவர்கள் எல்லாம் நாலு பார்ட் பாட முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். நொவெல்லோ கம்பெனி அதே காலத்தில் மலிவு விலையில் பாட்டுப் புத்தகம் போட்டது இன்னொரு காரணம். அப்புறம் மிஷனரிகளோடு இது கப்பலேறி இங்கே வந்தது.

எனக்கு இதில் பிடித்தது என்னவென்றால், இதில் முதல் சுரமான ‘டோ’ ஓரிடத்தில் நிற்காது. பாட்டு எந்தச் சுருதியோ அதுதான் டோ. நம்ம ஸட்ஜமேதான்! சின்ன வயதில் சேலத்தில் குகை என்ற பேட்டையில் ஒரு டீச்சரம்மாவிடம் ஏழு வருஷம் கர்நாடக சங்கீதம் கற்ற எனக்கு, அண்ணனுடைய நோட்டு புரிந்த அளவுக்கு அச்சடித்த புத்தகம் இன்னும் புரியவில்லை. அல்லேலூயா டி மேஜர் என்பார்கள். நான் மனசுக்குள் 2 கட்டை, சங்கராபரணம் என்று வைத்துக்கொள்வேன். முத்துசுவாமி தீட்சிதரே வெள்ளைக்காரன் பேண்டு மெட்டுகளைக் கேட்டு நோட்டுஸ்வரம் செய்தவர்தானே.

ஆனால் சங்கராபரணம் என்று நினைப்பதில் ஒரு ஆபத்து. கை தானாக அசைவதுபோலக் குரல் அசைந்துவிடும். மாஸ்டர் பாட்டை நிறுத்தி, ஆல்டோ பக்கம் திரும்பி, “யாரோ ஒருத்தர் மத்தியமத்தைத் தாலாட்டுறீங்க, தூங்கிடப்போகுது” என்றார். பெயர் சொல்லவில்லை. 17 பேரும் என்னைப் பார்த்தார்கள்.

பத்து மணிக்கு மேல் மூச்சுப் பயிற்சி. நீளமாக இழுக்கும் சுரத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டால் பாட்டில் ஓட்டை விழும். அதனால் பக்கத்தில் நிற்பவரோடு பேசி வைத்துக்கொண்டு ஆளுக்கு ஒரு இடத்தில் மூச்சைத் திருட வேண்டும். என் பக்கத்தில் பல் டாக்டரம்மா. அவர் இரண்டாவது தட்டு முடிந்ததும் வாயை மூடுவார். நான் அவருக்கும் சேர்த்து இழுப்பேன். அவர் திரும்பி வந்த பிறகு நான் விடுவேன். வெளியே போவது சுலபம், உள்ளே வருவதுதான் கஷ்டம். படம் ஓடிக்கொண்டிருக்கும்போது இருட்டில் வந்து சீட்டில் உட்காருகிற மாதிரி, யார் காலையும் மிதிக்காமல் வரணும். முதல் பத்து தடவை நான் மிதித்தேன். பதினொன்றாவது தடவை டாக்டரம்மா லேசாகத் தலையாட்டினார். அவர் எங்கே நிறுத்தினார், நான் எங்கே சேர்ந்தேன் என்று எங்கள் இருவருக்குமே கேட்கவில்லை. ஏழு வருஷம் என் குரல் தனியாகக் கேட்கவேண்டும் என்று பயிற்சி எடுத்தவள் நான், இப்போது கேட்கக்கூடாது என்று பயிற்சி எடுக்கிறேன். இதற்குச் சந்தா வேறு.

மத்தியானம், குழந்தை பிறந்திருக்கிறது என்று பாடும் கோரஸ். கடகடவென்று ஓடும் சுரங்கள். நாக்கு சுளுக்கிக்கொள்கிறது. “கல்லு உடைக்கிற மாதிரி பாடாதீங்க, இது முதல்ல காதல் பாட்டு” என்றார் மாஸ்டர். நிஜம்தான். 1741 ஜூலையில் ஹாண்டல் இரண்டு பெண் குரல்களுக்கு ஒரு இத்தாலிய டூயட் எழுதினார். குருட்டுக் காதலே, கொடிய அழகே, உங்களை இனி நம்பமாட்டேன் என்று ஊடலாகப் போகும் பாட்டு. அடுத்த மாதம் ‘மெசையா’வை எழுத உட்கார்ந்தவர், அந்த மெட்டையே எடுத்துப் பாலன் பிறப்புக்குப் போட்டுவிட்டார். மொத்தப் படைப்பையும் 24 நாளில் முடித்தவர் பழைய மெட்டைத் தூசு தட்டத்தானே செய்வார். நம்ம ஊர் இசையமைப்பாளர்கள் இதைச் செய்தால் மட்டும் பிடித்துக்கொள்கிறோம். காதல் பாட்டு என்று கேட்டதும் எங்கள் ஆட்களின் முகமே மாறியது. ரிட்டயர்டான கணக்கு டீச்சர் சிரித்துக்கொண்டே பாடியதை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

ராத்திரி அல்லேலூயா. இதில் ஒரு பள்ளம் உண்டு. கடைசியில் அல்லேலூயா அல்லேலூயா என்று அடுக்கிக்கொண்டே போய், திடீரென்று எல்லாம் நின்றுவிடும். குரலும் இல்லை, வயலினும் இல்லை. அந்த மௌனத்துக்கு அப்புறம்தான் கடைசி அல்லேலூயா, மெதுவாக. உலகத்தில் எந்தக் கொயரைக் கேட்டாலும் அந்த மௌனத்துக்குள் விழுந்த ஒருவர் கதை இருக்கும். இன்று எங்கள் டிக்கெட் பரிசோதகர் அண்ணன் விழுந்தார், முழு பாஸ் குரலில். தகரக் கூரை அதிர்ந்தது. வெளியே நாய் குரைத்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு.

மூன்றாம் நாள், சனி

மழை. தகரக் கூரையில் மழை விழுந்தால் கொயர் கேட்காது. மூன்று மணி நேரம் வீண்.

குடை பிடித்துக்கொண்டு பக்கத்து எஸ்டேட் வரை நடந்தேன். காபிப் பழம் சிவந்திருக்கிறது, மழையில் பறிக்க ஆளில்லை. சில்வர் ஓக்கில் மிளகுக் கொடி. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து வைத்த காபி இந்த மலையில் இன்னும் காய்க்கிறது. சேர்வராயன் கோயில் வரைக்கும் போகணும் என்று ஆசை. பனியில் பஸ்காரர் மறுத்துவிட்டார். ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி, குரலுக்கு ஆகாது என்று மாஸ்டர் தடை போட்ட பஜ்ஜி, நாலு தின்றேன்.

சேலத்து 40 பேரும் பதினோரு மணிக்கு வேனில் வந்து சேர்ந்தார்கள். “நாங்க தப்பாப் பாடுனா சொல்லுங்க, கோச்சுக்க மாட்டோமுங்க” என்று ஆரம்பித்தவர்கள், எங்களைவிடச் சரியாகப் பாடினார்கள்.

108 பேர் ஒரே ஹாலில். இவ்வளவு கூட்டம் எதற்கு என்று புது டெனர் பையன் கேட்டான். நியாயமான கேள்வி. 1742 ஏப்ரல் 13 அன்று டப்ளினில் ‘மெசையா’ முதலில் அரங்கேறியபோது இரண்டு கதீட்ரல் கொயர்களையும் சேர்த்தே பாடகர்கள் சுமார் 30 பேர்தான். இடம் போதாது என்று பெண்கள் வளையம் வைத்த பாவாடை இல்லாமலும் ஆண்கள் வாள் இல்லாமலும் வரச்சொல்லி விளம்பரம் கொடுத்தார்கள். வசூல், கடனுக்காகச் சிறையில் கிடந்தவர்களுக்கும் இரண்டு ஆஸ்பத்திரிகளுக்கும் போனது. 142 கடன்காரர்கள் வெளியே வந்தார்கள். கூட்டம் பெருகியது பின்னால். 1857ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் ஹாண்டலின் இசையைப் பாட 2,000 பேர் நின்றார்கள். நூற்பாலை ஊரான ஹடர்ஸ்ஃபீல்டின் கொயர் 1836ல் தொடங்கியது, இன்றும் பாடுகிறது. சென்னையில் மெட்ராஸ் மியூசிகல் அசோசியேஷன் 1893லிருந்து இருக்கிறது. லண்டன் சிம்பொனியோடு பாடும் கொயரில்கூட யாருக்கும் சம்பளம் கிடையாது. இத்தனை தொண்டைக்குச் சம்பளம் கொடுக்க யாராலும் ஆகாது, நமக்கும் சனிக்கிழமை வேறு வேலை இல்லை என்று பையனிடம் சொன்னேன். அவனுக்குத் திருப்தி இல்லை.

மழை விட்டதும் மாஸ்டர் ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். “கேட்டுப் பாடாதீங்க. பார்த்துப் பாடுங்க.” ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். மேடையின் முன்னால் வயலின், 17 மீட்டர் பின்னால் கடைசி வரிசை. வயலின் காதுக்கு வந்த பிறகு பாடினால் நொடியில் இருபதில் ஒரு பங்கு தாமதம். அது திரும்பி முன்வரிசைக்குப் போக இன்னொரு பங்கு. அதற்குள் வயலின் போய்விடும். அதனால் காதை நம்பக்கூடாது, மாஸ்டர் கையில் அசையும் குச்சியை மட்டும் நம்பணும். காதை நம்பாதே என்று ஒரு பாட்டு வாத்தியார் சொல்லி இப்போதுதான் கேட்கிறேன்.

நான்காம் நாள், ஞாயிறு (எழுதுவது திங்கள் அதிகாலை, அக்கா வீட்டில்)

வாத்தியக்காரர்கள் காலை ரயிலில் வந்து, தட்டுவடை செட் சாப்பிட்டுவிட்டு, இரண்டு மணிக்கு மேடையில் உட்கார்ந்தார்கள். நோட்டைத் திறந்தார்கள், வாசித்தார்கள். அவ்வளவுதான். ஐந்து மாதமாகக் கீபோர்டில் கேட்ட தொடக்க இசை, 18 வில்லில் கேட்டபோது எங்கள் வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

நாகஸ்வரம் மாதிரி ஊதுகிற ஓபோ வாசிக்க ஆள் கிடைக்கவில்லை என்று மாஸ்டர் ஒரு வாரமாகப் புலம்பினார். ஆனால் 1741ல் ஹாண்டல் எழுதிய பிரதியிலும் ஓபோ கிடையாது, பின்னால் லண்டனில் சேர்த்ததுதான். ஆக நாங்கள் அசலுக்குக் கிட்டத்தில் இருந்தோம்.

நான் நினைத்தது, அவர்களுக்கு எல்லாம் சுலபம் என்று. இடைவேளையில் முதல் வயலின் வாசிப்பவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “காதுல க்ளிக் இல்லாம வாசிச்சு எவ்வளவு வருஷமாச்சு தெரியுமாம்மா? ரெக்கார்டிங்ல ஹெட்போன்ல டக் டக்குன்னு தாளம் போயிட்டே இருக்கும், யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். இங்க ஒரு நிமிஷம் கண்ணை எடுத்தா உங்க சார் வேற எங்கேயோ போயிடறாரு.” அவர்களும் பார்க்கத்தான் பழகுகிறார்கள்.

மைக்செட்காரரோடு மாஸ்டருக்குச் சண்டை. 108 பேர் பாடும்போது மைக் எதற்கு என்று மாஸ்டர். மைக் இல்லாம என்னங்க கச்சேரி, நாளைக்கு ஊருக்குள்ள என்னைத்தான் கேப்பாங்க என்று அவர். எட்டு மைக்கில் ஏழைக் கழற்றச் சம்மதித்தார். எட்டாவதை மட்டும், ஒரு மரியாதைக்கு, நடுவில் தொங்கவிட்டார். நடுவில் என்றால் ஆல்டோ முன்வரிசைக்கு நேர் மேலே.

சாயங்காலம் ஆறரை. அரங்கு நிறைந்திருந்தது. மூன்றாவது வரிசையில் அக்கா, மாம்பழ நிறப் பட்டில், பக்கத்தில் மாமா.

முதல் பாகம் எப்படிப் போனது என்று கேட்டால், நன்றாகப் போனது. தேவதூதர்கள் பாடும் இடத்தில் முதன்முதலாக ட்ரம்பெட் வரும். தூரத்திலிருந்து, கொஞ்சம் மெதுவாக என்று ஹாண்டலே எழுதி வைத்திருக்கிறார். அதனால் இரண்டு ட்ரம்பெட்காரர்களும் மேடைக்கு வெளியே, கேன்டீன் போகும் தாழ்வாரத்தில் நின்று வாசித்தார்கள். திறந்த கதவு வழியாக அந்தச் சத்தம் வந்தபோது, தாழ்வாரத்தில் டீ டம்ளர் தட்டோடு வந்த பையன் அப்படியே நின்றுவிட்டது என் இடத்திலிருந்து தெரிந்தது. தட்டு ஆடவேயில்லை.

அல்லேலூயா ஆரம்பித்ததும் சர்ச் ஆட்கள் வழக்கப்படி எழுந்தார்கள். லண்டனில் ராஜா எழுந்து நின்றார், அதிலிருந்து வந்த பழக்கம் என்பார்கள். ராஜா அன்று வந்ததற்கே சான்று கிடையாது, அது வேறு விஷயம். அவர்களைப் பார்த்து மற்றவர்களும் எழுந்தார்கள். தேசிய கீதமோ என்று அக்காவும் எழுந்து விறைப்பாக நின்றாள். எதிரே அவ்வளவு பேருக்கு நடுவில் மாம்பழ நிறம் உயர்ந்ததைப் பார்த்தேன். அவள் கண் எங்கள் வரிசைகளில் ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டு வந்தது. நான் குச்சியிலிருந்து கண்ணை எடுத்தேன். காதை மட்டும் வைத்துக்கொண்டு பாடினேன். அடுக்கிக்கொண்டு போனோம், போனோம், பள்ளம் வந்தது.

என் வாயிலிருந்து ஒரு ‘ஹா’ போய்விட்டது.

ஒரே ஒரு எழுத்துதான். எட்டாவது மைக் அதை அரங்கத்தின் கடைசிச் சுவர் வரைக்கும் கொண்டுபோய்க் கொடுத்தது. மாஸ்டரின் குச்சி காற்றில் அசையாமல் நின்றது. டாக்டரம்மாவின் முழங்கை என் விலாவில் பட்டது. பின்னால் பாஸ் வரிசையில் டிக்கெட் பரிசோதகர் அண்ணன் மூச்சை அடக்கிக்கொள்வது கேட்டது, நிச்சயமாகச் சிரிப்பை. அப்புறம் குச்சி இறங்கியது, 108 பேரும் கடைசி அல்லேலூயாவைப் பாடினோம், கைதட்டல்.

ராத்திரி பதினோரு மணிக்கு அக்கா தோசை வார்த்துப் போட்டாள். நான் தலையைக் குனிந்து தின்றுகொண்டிருந்தேன்.

“எல்லாருமே நல்லாப் பாடுனாங்க கண்ணு” என்றாள். “ஆனா அத்தனை பேருக்குள்ள உன் குரல் எதுன்னே தெரியல. தேடித் தேடிப் பாக்கறேன், புடிபடல. அந்தக் கடைசியில எல்லாரும் கப்புனு நிறுத்துனாங்க பாரு, அப்பத்தான் உன் குரல் கேட்டுச்சு. தெளிவாக் கேட்டுச்சு, மாமாகூட நம்ம புள்ளதான்னாரு. அந்த எடத்துல உன்னைத் தனியாப் பாட உட்டாங்களா?”

“ஆமாக்கா” என்றேன்.

இன்னொரு தோசை போட்டாள்.